மெல்பர்ன்ல வீடு கட்டுறவங்களுக்கு: பில்டிங் சர்வேயர் சர்வீஸ் பத்தி என் ரிவ்யூ (ரெண்டு வேலை, ரெண்டு சர்வேயர்)

இத எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். போன வாரம் வெராண்டா வேலைக்கும் ஃபைனல் சர்டிஃபிகேட் கைக்கு வந்துடுச்சு, ஆக முழு வீடு ஒண்ணு, வெராண்டா ஒண்ணுன்னு ரெண்டு வேலைக்கு ரெண்டு வேற வேற பில்டிங் சர்வேயர்கிட்ட சர்வீஸ் வாங்கியாச்சு, சரி இனிமே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நாங்க இருக்கறது மெல்பர்ன் மேற்குப் பக்கம், டார்னீட். இங்க நம்மாளுங்க நெறைய பேரு நிலம் வாங்கி புதுசா கட்டுறாங்க, கிச்சன் மேடைக்கு என்ன கல்லு, ஏசி என்ன பிராண்டுன்னு மாசக்கணக்குல ரிவ்யூ படிக்கிறோம், ஆனா இந்த வீட்டுல குடி போகலாம்னு கையெழுத்து போடுற ஆளைப் பத்தி தமிழ்ல ஒருத்தரும் ஒரு வரி எழுதி நான் பாத்ததில்ல. ஆபீஸ் பேரெல்லாம் போடல, உங்க ஏரியாவுக்கு வேற ஆளுதான் வருவாங்க, எப்படி பாத்து எடுக்கணும், எத எதிர்பாக்கலாம், எத எதிர்பாக்கக் கூடாதுங்கறதுதான் முக்கியம்.

மொதல்ல அந்த வார்த்தைய தெளிவு பண்ணிடறேன். ஊர்ல சர்வேயர்னா தாலுகா ஆபீஸ்லேருந்து வந்து நிலத்தை அளந்து கல்லு நட்டுட்டுப் போறவரு. அப்பாகிட்ட போன்ல "சர்வேயர் ஒருத்தர தேடிட்டு இருக்கோம்ப்பா"ன்னு சொன்னப்ப "ஏம்மா, இடத்த அளந்துதான வாங்குனீங்க, மறுபடி எதுக்கு அளக்கணும்"னு கேட்டாரு. இங்க நிலம் அளக்குறவரு லைசென்ஸ்டு சர்வேயர், அவரு வேற. செலவுக் கணக்கு போடுற குவான்டிட்டி சர்வேயர் அதுவும் வேற. பில்டிங் சர்வேயர் பண்றது என்னன்னா, வரைபடத்தையும் மண் ரிப்போர்ட்டையும் இன்ஜினியர் கணக்கையும் சட்டத்தோட ஒத்துப் பாத்து பில்டிங் பெர்மிட் கொடுப்பாரு, கட்டுறப்ப சில கட்டத்துல நேர்ல வருவாரு இல்லன்னா இன்ஸ்பெக்டரை அனுப்புவாரு, தப்பு இருந்தா சரி பண்ணச் சொல்லி எழுத்துல உத்தரவு போடுவாரு, கடைசில ஆக்குபன்சி பெர்மிட் கொடுப்பாரு. அந்தக் காகிதம் இல்லாம வீட்டுக்குள்ள குடி போகக் கூடாது.

முன்னாடி இதெல்லாம் இங்க கவுன்சில், அதாவது நம்மூரு நகராட்சி மாதிரி, அவங்க வேலையா இருந்துருக்கு. விக்டோரியா மாநிலத்துல 1993ல பில்டிங் ஆக்ட் கொண்டு வந்து, அது 1994 ஜூலைல நடைமுறைக்கு வந்தப்பறம் தனியார் பில்டிங் சர்வேயர்களும் பெர்மிட் கொடுக்கலாம்னு ஆச்சு. கவுன்சில்ல முனிசிபல் பில்டிங் சர்வேயர்னு ஒருத்தர் இன்னமும் இருக்காரு, ஆனா புது வீட்டுல பெரும்பாலும் தனியார்தான். இங்கதான் ரொம்ப பேருக்குப் புரியாத ஒரு விஷயம் இருக்கு. ஃபீஸ் நாம குடுக்குறோம், அவரு ஆபீஸ் ஒரு பிரைவேட் கம்பெனி, ஆனா அவரு கைல இருக்கறது சட்டம் குடுத்த அதிகாரம். அதனால அவரு நமக்கு வேலை செய்யற ஆளும் கிடையாது, பில்டருக்கு வேலை செய்யற ஆளும் கிடையாது. எனக்கு இது மண்டைல ஏறவே ஆறு மாசம் ஆச்சு, அது வரைக்கும் அவரு மேல கோவமாவே இருந்தேன்.

2023 பிப்ரவரில பில்டர்கிட்ட கான்ட்ராக்ட் போட்டோம், 3,80,000 டாலர். கையெழுத்து போட உக்காந்தப்ப அம்பது அறுபது பக்கத்துக்கு நடுவுல ஒரு ஃபார்ம், பில்டிங் சர்வேயரை நியமிக்கிறோம்னு, அதுல ஒரு ஆபீஸ் பேரு ஏற்கெனவே டைப் பண்ணி இருந்துச்சு. சேல்ஸ் பொண்ணு "இது ஃபார்மாலிட்டிதான், எல்லாரும் இங்க ஒரு கையெழுத்து போடுவாங்க"ன்னு பேனாவ நீட்டுச்சு. என் ஹஸ்பண்ட் போடப் போயிட்டாரு. அதுக்கு முந்தின வாரம்தான் கூட வேலை பாக்குற அக்கா ஒருத்தங்க, எனக்கு முன்னாடி பாயிண்ட் குக்ல வீடு கட்டுனவங்க, "சர்வேயர மட்டும் நீங்களே பாத்து வைங்கடா, அத விட்டுட்டு நான் பட்ட பாடு போதும்"னு சொல்லியிருந்தாங்க. அதனால அந்தப் பக்கத்த மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் படிச்சுட்டு வர்றோம்னு சொல்லிட்டோம்.

படிச்சுப் பாத்தா, 2016 செப்டம்பர் 1லேருந்து பெரிய வீட்டு வேலைக்கு பில்டர் ஓனருக்குப் பதிலா தனியார் சர்வேயரை நியமிக்கவே கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஓனர்தான் நியமிக்கணும். பில்டர் பேரு சிபாரிசு பண்ணலாம், அது தப்பில்ல, ஆனா தேர்வு நம்மளது. அந்தச் சட்டத்தோட காரணம் யோசிச்சா நியாயம், வருஷத்துக்கு நூறு வேலை குடுக்குற பில்டரோட வேலைல தப்பு கண்டுபிடிச்சு நிறுத்துறது எந்த மனுஷனுக்கும் கஷ்டம்தான. இத எழுதி பில்டர் ஆபீஸுக்கு மெயில் போட்டேன், ஒரு மணி நேரத்துல "தாராளமா நீங்களே தேர்வு பண்ணிக்கோங்க"ன்னு பதில் வந்துச்சு, சண்டையே இல்ல. கேட்டா குடுத்துடறாங்க, நாம கேக்கணும்.

அடுத்து தேடல். இந்த மாநிலத்துல பில்டிங் சர்வேயர்னு சொல்லிக்கிட்டு வேலை செய்யணும்னா அரசாங்கத்தோட ரெஜிஸ்டர்ல பேரு இருக்கணும். அப்ப அத நடத்துனது விக்டோரியன் பில்டிங் அதாரிட்டி, எல்லாரும் விபிஏன்னு சொல்லுவாங்க, 2013 ஜூலைல ஆரம்பிச்சது. ரெஜிஸ்டர் ஆகணும்னா அதுக்கான படிப்பு, ஏற்கெனவே ரெஜிஸ்டர் ஆனவங்க மேற்பார்வைல செஞ்ச வேலை அனுபவம், தொழில் பொறுப்பு இன்சூரன்ஸ், நடத்தை சரியா இருக்கா, திவால் ஆயிருக்காரா இதெல்லாம் பாப்பாங்க. ரெண்டு வகை இருக்கு. நம்பர் பிஎஸ்-யூன்னு ஆரம்பிச்சா அன்லிமிடெட், எவ்ளோ பெரிய கட்டடமா இருந்தாலும் பெர்மிட் குடுக்கலாம். பிஎஸ்-எல்னா லிமிடெட், 3 மாடி வரைக்கும், 2000 சதுர மீட்டர் வரைக்கும். ஒத்த மாடி வீட்டுக்கு எல் போதும், யூ இருந்தா கூடுதல் கௌரவம்னு நெனச்சு கூடுதல் காசு குடுக்க வேணாம். பில்டிங் இன்ஸ்பெக்டருக்கு நம்பர் ஐஎன்னு ஆரம்பிக்கும், அவரு போய் பாத்துட்டு வரலாம், ஆனா பெர்மிட் குடுக்க முடியாது.

இந்த ரெஜிஸ்டரை ஒரு ப்ராடக்ட்டா எடுத்துக்கிட்டு மார்க் போடணும்னா அஞ்சுக்கு நாலு போடுவேன். ஃப்ரீ, பேரு போட்டா உடனே வருது, ரெஜிஸ்ட்ரேஷன் நடப்புல இருக்கா, என்ன வகை, ஏதாவது நிபந்தனை போட்டுருக்காங்களான்னு தெரியும், ஒழுங்கு நடவடிக்கை எடுத்துருந்தா அதுவும் தேடிப் பாக்கலாம். தப்பு பண்ணவங்களுக்கு மொதல்ல ஷோ காஸ் நோட்டீஸ் போகும், அவங்க பதில் சொல்லணும், அதுக்கப்பறம் கண்டிப்பு, அபராதம், சஸ்பென்ஷன், ரெஜிஸ்ட்ரேஷன் ரத்துன்னு போகும், ஏத்துக்கலன்னா வீகேட்னு சொல்ற மாநில ட்ரிப்யூனலுக்கு போகலாம். நாங்க மூணு பேருகிட்ட கொட்டேஷன் வாங்கினோம், அதுல ஒருத்தரு பேருல பழைய நடவடிக்கை ஒண்ணு இருந்துச்சு, அதுவும் ரெண்டு சைட்ல சரியா பாக்காமயே பெர்மிட் குடுத்துட்டாருன்னு. அவரு கொட்டேஷன்தான் மூணுலயும் கம்மி. விட்டுட்டோம். ஒரு மார்க் ஏன் கொறச்சேன்னா, ஒரு சர்வேயர் கைல இப்ப எத்தன சைட் ஓடுதுன்னு அங்க தெரியாது, ஆனா நம்மள பாதிக்கறதே அதுதான், கீழ சொல்றேன்.

நாங்க எடுத்தவரு நடுத்தர சைஸ் ஆபீஸ், ஃபீஸ் இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் சேத்து ரெண்டாயிரத்துச் சொச்சம் டாலர். அது போக அரசாங்கத்துக்கு பில்டிங் பெர்மிட் லெவி, வேலை மதிப்புல 0.128 சதவீதம், எங்களுக்கு 486 டாலர் வந்துச்சு. இது சர்வேயர் ஃபீஸ்னு நெனச்சு சண்டை போடாதீங்க, அவரு வாங்கிக் கட்டுறாரு, அவ்ளோதான்.

இவரு மேல எனக்கு மொதல் மரியாதை வந்தது எப்பன்னா, கான்ட்ராக்ட் போட்டு ஒன்றரை மாசத்துல, 2023 மார்ச் 31ந்தேதி, போர்ட்டர் டேவிஸ்னு இங்க பெரிய பில்டர் கம்பெனி விழுந்துச்சே, விக்டோரியாலயும் குயின்ஸ்லாந்துலயுமா 1,700 வீடு பாதில நின்னுச்சு. அன்னிக்கு ராத்திரி இந்த ஏரியால யாரு வீட்டுலயும் தூக்கமில்ல. அதுல ரொம்பப் பாவம் டெபாசிட் கட்டியும் அவங்க பேருல இன்சூரன்ஸே எடுக்காம இருந்த குடும்பங்க. அப்ப இருந்த சட்டப்படி 16,000 டாலருக்கு மேல வீட்டு வேலைன்னா பில்டர் ஓனருக்காக இன்சூரன்ஸ் எடுத்தே ஆகணும், அதுக்கப்பறம்தான் டெபாசிட்டே வாங்கணும். நாங்க 5 சதவீதம், 19,000 டாலர், கட்டி முடிச்சுட்டோம், சர்டிஃபிகேட் வந்துச்சான்னு எங்களுக்கே தெரியாது. அப்பதான் சர்வேயர் ஆபீஸ்லேருந்து மெயில், உங்க பெர்மிட் அப்ளிகேஷன்ல இன்சூரன்ஸ் சர்டிஃபிகேட் இல்ல, இன்சூரன்ஸுக்கு விண்ணப்பிச்ச காகிதம் மட்டும்தான் இருக்கு, சர்டிஃபிகேட் வராம பெர்மிட் தர மாட்டேன்னு. பில்டர் ரெண்டு தடவை போன் பண்ணி அவசரப்படுத்திருக்காரு, இவரு அசையல. பத்து நாள்ல சர்டிஃபிகேட் வந்துச்சு. அந்தப் பத்து நாளும் பெர்மிட் லேட் ஆகுதுன்னு நானே அவர திட்டிட்டு இருந்தேன், நிஜத்துல எங்க பணத்தக் காப்பாத்திட்டு இருந்தது அவருதான்.

ஜூன்ல அப்பா ஊர்லேருந்து வந்தாரு. அவரு பிடபிள்யூடில ஓவர்சியரா இருந்து ரிட்டயர் ஆனவரு, சொந்த ஊரு கோவில்பட்டி. இந்த மண்ண கைல எடுத்து உருட்டிப் பாத்துட்டு "இது நம்மூரு கரிசல் மாதிரில்லம்மா இருக்கு, வெயிலுக்கு வெடிக்கும், மழைக்கு ஊதும், கதவு ஜன்னலெல்லாம் பிடிக்குமே"ன்னாரு. உண்மைதான், மெல்பர்ன் மேற்குல பழைய எரிமலைப் பாறை மேல இருக்கற களிமண், தண்ணி பட்டா உப்பும். எங்க மண் ரிப்போர்ட்ல எச்1னு போட்டுருந்துச்சு, அதிகமா அசையற மண்ணுன்னு அர்த்தம், அதுக்கு ஏத்த மாதிரி ஏஎஸ் 2870னு ஆஸ்திரேலிய ஸ்டாண்டர்ட் படி அடித்தளம் டிசைன் பண்ணணும். இந்தப் பக்கம் தரை தூக்கி சுவர் விரிசல் விட்ட வீடுங்க நெறைய, அதனால இத லேசா எடுத்துக்காதீங்க.

அடித்தளத்துக்கு வெள்ளை தெர்மாகோல் பெட்டிய வரிசையா அடுக்கி இடுக்குல கம்பி கட்டுனதைப் பாத்து அப்பா வேலிக்கு வெளில நின்னுக்கிட்டே "என்னம்மா இது, தெர்மாகோல் வச்சா அஸ்திவாரம் போடுறானுவ"ன்னு பதறிட்டாரு. அது வாஃபிள் ஸ்லாப், இங்க அப்படித்தான். ஆனா மறுநாள் காலைல ஏழு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தப்ப அப்பா முகத்துல வந்த நிம்மதிய நான் மறக்க மாட்டேன். அந்தாளு பூட்ஸோட சேத்துல இறங்கி, கம்பிக்கு அடில ஸ்டூல் மாதிரி வைப்பாங்களே அந்தச் சின்ன பிளாஸ்டிக் தாங்கி, அது சாஞ்சு கெடந்த இடத்தெல்லாம் காட்டி நிமித்தச் சொன்னாரு, பிளாஸ்டிக் ஷீட் கிழிஞ்ச இடத்துல டேப் ஒட்டச் சொன்னாரு, பிளானைக் கைல வச்சு கம்பி இடைவெளிய டேப் வச்சு அளந்தாரு. அரை மணி நேரம். கான்கிரீட் லாரி பத்து மணிக்கு புக் ஆயிருந்துச்சு, எல்லாம் சரி பண்ணி முடிச்சு போட்டோ எடுத்துட்டுத்தான் ஓகே சொன்னாரு. "கவர் பாக்குறான் பாரு, வேலை தெரிஞ்சவன்"னு அப்பா சொன்னாரு, கவர்னா கம்பிய மூடி நிக்கிற கான்கிரீட்டோட தடிமன். அவரு அப்படி யாரையும் லேசுல சொல்ல மாட்டாரு.

இப்ப ஃப்ரேம். இங்க வீடு மரச் சட்டத்துலதான் நிக்குது, செங்கல் வெளிச்சட்டை மாதிரி. ஃப்ரேம் முடிஞ்ச அன்னிக்கே பில்டர் ஆபீஸ்லேருந்து ஃப்ரேம் ஸ்டேஜ் பில், 15 சதவீதம், 57,000 டாலர், ஏழு நாள்ல கட்டுங்கன்னு. பேங்குக்கு அனுப்பிடலாம்னு ஹஸ்பண்ட் சொன்னாரு. நான் கான்ட்ராக்ட் எடுத்துப் படிச்சேன். வீட்டு வேலை கான்ட்ராக்ட் சட்டத்துலயே ஃப்ரேம் ஸ்டேஜ்னா என்னன்னு எழுதிருக்கு, ஃப்ரேம் முடிஞ்சு பில்டிங் சர்வேயர் அப்ரூவ் பண்ணணும், அப்பதான் அந்த ஸ்டேஜ் முடிஞ்சதா அர்த்தம். வெறும் சட்டம் நின்னா போதாது. சர்வேயர் ஆபீஸுக்குக் கேட்டா இன்ஸ்பெக்‌ஷன் நாளைக்குத்தான்னு சொன்னாங்க.

நாளைக்கு வந்தாரு, ஃபெயில் பண்ணிட்டாரு. கூரை ட்ரஸ்ஸை சுவரோட இழுத்துப் பிடிக்கிற இரும்புப் பட்டை ரெண்டு இடத்துல அடிக்கவே இல்ல, குறுக்க போற பிரேஸ் பட்டை தொளதொளன்னு, பாத்ரூம் பக்கத்துல பிளம்பர் பைப் விடறதுக்காக ஒரு மரத்த பாதிக்கு மேல வெட்டிருக்கான். காத்து அடிச்சா கூரையப் பிடிச்சு வைக்கிறதே அந்தப் பட்டைதான், இங்க வடக்கேயிருந்து அடிக்கிற காத்து எப்படின்னு இருக்கறவங்களுக்குத் தெரியும். மரச் சட்டத்துக்கான ஸ்டாண்டர்ட் ஏஎஸ் 1684 படி இப்படி இருக்கணும்னு வரி வரியா எழுதி, சரி பண்ணச் சொல்லி எழுத்துல உத்தரவு, காப்பி எங்களுக்கும் வந்துச்சு. சைட் சூப்பர்வைசர் "சின்ன விஷயம், பிளாஸ்டர் போடறதுக்குள்ள பாத்துக்கறோம், பில் கட்டிடுங்க"ன்னு எனக்கு போன் பண்ணாரு. நான் "சர்வேயர் அப்ரூவல் லெட்டர் வந்த அன்னிக்கு கட்டிடறோம் அண்ணா"ன்னு மட்டும் சொன்னேன், அவரு நம்மாளுதான், அதுக்கு மேல ஒண்ணும் பேசல. ஒம்போது நாள்ல எல்லாம் சரி பண்ணி மறுபடி இன்ஸ்பெக்‌ஷன் பாஸ், அன்னிக்கு சாயந்தரம் பணம் போச்சு. அந்த 57,000 எங்க கைல இருந்ததாலதான் வேலை ஒம்போது நாள்ல முடிஞ்சுதுன்னு நான் நம்புறேன். எந்தக் கட்டத்துலயும் அப்ரூவல் பேப்பர கண்ணால பாக்காம பணத்த அனுப்பாதீங்க, இந்த ரிவ்யூல வேற எதுவும் ஞாபகம் இல்லன்னாலும் பரவால்ல, இத வச்சுக்கோங்க.

இனி குறை. போன் எடுக்கவே மாட்டாங்க. சர்வேயர்கிட்ட நேரடியா நான் பேசுனது மொத்தமே மூணு தடவை, மத்ததெல்லாம் ரிசப்ஷன், மெயில், ரெண்டு நாள் மூணு நாள் கழிச்சு ஒத்த வரி பதில். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு மூணு வாரம் இழுத்தாங்க, நாங்க வாடகையும் கட்டி லோனும் கட்டிட்டு இருந்த மூணு வாரம் அது. அந்த ஆபீஸ் கைல இருக்கற சைட்டுக்கு ஆளு பத்தல, அவ்ளோதான் காரணம். வெறுத்துப் போய் வேற சர்வேயருக்கு மாத்திடலாமான்னு விசாரிச்சேன், முடியாதாம். ஒரு வேலைக்கு ஒரு சர்வேயர்தான், நியமிச்சதுக்கப்பறம் நாமளும் அவர நீக்க முடியாது, அவரும் விட்டுட்டுப் போக முடியாது, ரெண்டுக்கும் ரெகுலேட்டரோட எழுத்துப்பூர்வ சம்மதம் வேணும். மொதல்ல கோவம் வந்துச்சு, அப்பறம் யோசிச்சா இது இல்லன்னா ஃப்ரேம் ஃபெயில் பண்ண அன்னிக்கே பில்டர் நம்மள நச்சரிச்சு வேற லேசான ஆளா மாத்த வச்சிருப்பாங்க. ஆனா அதனாலதான் எடுக்கறதுக்கு முன்னாடியே கேக்கணும்: இப்ப எத்தன வீடு கைல இருக்கு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு யாரு வருவாங்க, ஃபெயில் ஆனா ரிப்போர்ட் ஓனருக்கும் நேரா வருமா, மறு இன்ஸ்பெக்‌ஷனுக்குத் தனி ஃபீஸா.

பாத்ரூம் விஷயம் சொல்லியே ஆகணும். வாட்டர்ப்ரூஃபிங் பண்ண அன்னிக்கு சர்வேயர் வருவாருன்னு நான் பாத்துட்டே இருந்தேன், டைல்ஸே போட்டு முடிச்சுட்டாங்க. கேட்டா அது எங்க கட்டாய இன்ஸ்பெக்‌ஷன்ல இல்லன்னாங்க. நாங்க கட்டுன சமயத்துல விக்டோரியால வீட்டுக்கு கட்டாயம் பாக்க வேண்டியது ஃபூட்டிங், அதாவது அஸ்திவாரம் போடறதுக்கு முன்னாடி, கம்பி கட்டி கான்கிரீட் ஊத்தறதுக்கு முன்னாடி, ஃப்ரேம், கடைசில ஃபைனல், அவ்ளோதான். சிட்னில இருக்கற என் சித்தி பையன் சொல்றான், அங்க நியூ சவுத் வேல்ஸ்ல வாட்டர்ப்ரூஃபிங்கை மூடறதுக்கு முன்னாடி சர்டிஃபையர் பாத்தே ஆகணுமாம், அங்க இந்த வேலை செய்யறவங்கள சர்டிஃபையர்னுதான் சொல்றாங்க, சட்டமும் வேற, ரெஜிஸ்டரும் வேற. ஒரே நாடு, பக்கத்து மாநிலம், ஆனா பாத்ரூம் ஒழுகறத ஒரு எடத்துல பாக்குறாங்க, ஒரு எடத்துல பாக்கல. எனக்கு இது இன்னமும் ஜீரணிக்க முடியல, வீட்டுல மொதல்ல கெட்டுப் போறதே தண்ணி படற எடம்தான. நாங்க தனியா ஒரு பிரைவேட் இன்ஸ்பெக்டர வச்சு பிளாஸ்டருக்கு முன்னாடியும் கடைசிலயும் பாத்தோம், அதுக்குத் தனிச் செலவு. அவரு நம்ம ஆளு, நமக்கு ரிப்போர்ட் தருவாரு, ஆனா வேலைய நிறுத்துற அதிகாரம் அவருக்கு இல்ல. சர்வேயர் இருக்காரே அவரு எதுக்குன்னு கேக்காதீங்க. டைல் கோணலா இருக்கு, பெயிண்ட் திட்டு திட்டா இருக்குன்னா சர்வேயர் கண்டுக்க மாட்டாரு, அவரு பாக்குறது பாதுகாப்பும் சட்டமும்தான்.

இவ்ளோ அக்கறை எதுக்குன்னு கேட்டீங்கன்னா, ஹஸ்பண்ட் ஆபீஸ் டாக்லேண்ட்ஸ்ல, லாக்ரோஸ்னு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு அங்க பக்கத்துலதான். 2014 நவம்பர் 25ந்தேதி அதிகாலைல எட்டாவது மாடி பால்கனில அணைக்காத சிகரெட்லேருந்து புடிச்ச தீ வெளிச்சுவர்ல ஒட்டியிருந்த அலுமினிய ஷீட் வழியா சில நிமிஷத்துல உச்சி வரைக்கும் ஏறிடுச்சு. அந்த ஷீட்டுக்கு நடுவுல இருந்தது எரியற பிளாஸ்டிக். நல்ல வேளை உயிர் போகல. 2019ல வீகேட் தீர்ப்பு வந்துச்சு, நஷ்டத்துல ஃபயர் இன்ஜினியர் பங்கு 39 சதவீதம், பில்டிங் சர்வேயர் 33, ஆர்க்கிடெக்ட் 25, சிகரெட் போட்டவரு 3. பெர்மிட்ல கையெழுத்து போட்டவருக்கு மூணுல ஒரு பங்கு. அந்தக் கையெழுத்து எவ்ளோ கனம்னு இத விட வேற எப்படி சொல்றது.

மேற்பார்வை பண்ண வேண்டிய அரசாங்கமும் ஒழுங்கா இருந்துச்சான்னா இல்ல. 2011லயே மாநில ஆடிட்டர் ஜெனரல் பெர்மிட்டுகளை எடுத்துப் பாத்து 96 சதவீதம் குறைஞ்சபட்ச சட்ட விதிக்கே ஒத்து வரலன்னு எழுதிட்டாங்க. 2018ல ஷெர்கோல்ட், வேயர்னு ரெண்டு நிபுணர்கள் நாடு முழுக்கப் பாத்து 24 பரிந்துரை குடுத்தாங்க. 2024ல விபிஏ பத்தியே ஒரு ரிப்போர்ட் வந்து, புகார் குடுத்த குடும்பங்கள கைவிட்டத அவங்களே ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேட்டாங்க. 2025 ஜூலை 1லேருந்து விபிஏ கிடையாது, அந்த எடத்துல பில்டிங் அண்ட் பிளம்பிங் கமிஷன், ரெஜிஸ்ட்ரேஷன், வீட்டு இன்சூரன்ஸ், பில்டர் ஓனர் தகராறு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. இனிமே வீடு கட்டுறவங்க பழைய பேருல தேடிட்டு இருக்காதீங்க.

அந்தப் புது அமைப்பு வந்தப்பறம்தான் எங்க வெராண்டா வேலை. இந்தத் தடவை பெரிய ஆபீஸ் வேணாம்னு தனியா வேலை பாக்குற ஒரு பெரியவர எடுத்தோம், பிஎஸ்-எல். போன் பண்ணா அவரே எடுப்பாரு. பிளானைப் பாத்த மொத நாளே "உங்க தூண் பக்கத்து எல்லைக்கு ரொம்பக் கிட்ட வருது, இதுக்கு நான் பெர்மிட் தர முடியாது, கவுன்சில் சம்மதம் வாங்கணும், இல்லன்னா தூணை உள்ள தள்ளுங்க"ன்னு சொல்லிட்டாரு. கவுன்சில் சம்மதத்துக்குத் தனி ஃபீஸ், பக்கத்து வீட்டுக்காரங்க கருத்தும் கேப்பாங்க. தூணை உள்ள தள்ளிட்டோம். தூணுக்கு தோண்டுன குழிய பாக்க வந்தவரு அடில ஈர மண்ண விரலால குத்திப் பாத்துட்டு இன்னும் கொஞ்சம் தோண்டச் சொன்னாரு, ஏன்னு எனக்கு நின்னு விளக்கவும் செஞ்சாரு. இவருக்கு அஞ்சுக்கு அஞ்சு. வீடு கட்டறப்ப எடுத்த மொத ஆபீஸுக்கு மூணரை, வேலைல நாலரை, பதில் சொல்றதுல ரெண்டரைன்னு பிரிச்சுப் பாத்துக்கோங்க. வெராண்டாவுக்கு ஆக்குபன்சி பெர்மிட் கிடையாது, ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் சர்டிஃபிகேட்தான், ரெண்டும் ஒண்ணுன்னு குழப்பிக்காதீங்க.

எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல வச்சுருக்கேன், பெர்மிட், ஃபெயில் ஆன ஃப்ரேம் ரிப்போர்ட், பாஸ் ஆன ரிப்போர்ட், இன்சூரன்ஸ் சர்டிஃபிகேட், மண் ரிப்போர்ட். எங்க பாலிசில கட்டுமானக் குறைக்கு 6 வருஷம், மத்த குறைக்கு 2 வருஷம், கட்டட வேலைக்காகக் கேஸ் போடறதுக்கு ஆக்குபன்சி பெர்மிட் தேதிலேருந்து 10 வருஷம், அதனால அந்தத் தேதிய ஃபைல் அட்டைலயே பெருசா எழுதி ஒட்டிருக்கேன், 2024 ஏப்ரல். அப்பா ஒவ்வொரு மழை சீசனுக்கும் வீடியோ கால்ல பின் கதவ திறந்து மூடிக் காட்டச் சொல்றாரு. இது வரைக்கும் கதவு இறுகிப் பிடிக்கல.